மகளின் படபடப்பு: அப்லேஷன் கல்யாணத்துக்கு முன்பா, பின்பா?

கேள்வி: என் மகளுக்கு 26 வயது, துரைப்பாக்கத்தில் ஐ.டி. கம்பெனியில் வேலை. காலேஜ் நாட்களிலிருந்தே திடீரென்று நெஞ்சு படபடவென்று அடிக்கும், கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிடும். இரண்டு டாக்டர்களிடம் காட்டினோம். ஈசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் நார்மல், மனப்பதற்றம்தான் என்று சொல்லிவிட்டார்கள். போன மாதம் காலையில் கோலம் போடக் குனிந்தபோது ஆரம்பித்தது, ஒரு மணி நேரமாகியும் நிற்கவில்லை. கழுத்து துடிப்பது எனக்கே கண்ணில் தெரிந்தது. எமர்ஜென்சியில் நாடித்துடிப்பு 196 என்றார்கள். ஊசி போட்டதும் நின்றது. அன்றைக்கு நாலைந்து முறை சிறுநீர் போய்க்கொண்டே இருந்தாள். இது எஸ்.வி.டி., ஈ.பி. ஸ்டடி செய்து அப்லேஷன் செய்துகொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது தினமும் மெட்டோபிரலால் சாப்பிடுகிறாள், சாப்பிட்டால் சோர்ந்து போகிறாள். தை மாதம் கல்யாணம் வைக்கப் பேசிக்கொண்டிருக்கிறோம். இதயத்தில் சூடு வைத்தால் கடைசியில் பேஸ்மேக்கர்தான் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். 64 வயதான என் அண்ணனுக்கு இரண்டு முறை அப்லேஷன் செய்தும் மாத்திரை நிற்கவில்லை. கல்யாணம், குழந்தை எல்லாம் ஆன பிறகு செய்துகொள்ளக் கூடாதா? மாப்பிள்ளை வீட்டில் சொல்லத்தான் வேண்டுமா?
– ஒரு தாய், பெரம்பூர்

பதில்:

அம்மா, நேராகவே சொல்லிவிடுகிறேன். அப்லேஷனை, அதாவது படபடப்பைக் கிளப்பும் தடத்தைச் சூட்டால் அடைக்கும் சிகிச்சையை, குழந்தை பிறந்த பிறகு என்று தள்ளிப் போடாதீர்கள். கல்யாணத்துக்கு முன்பு முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் கல்யாணம் ஆகி, கர்ப்பம் தரிப்பதற்கு முன்பாவது முடித்துவிட வேண்டும். ஏன் என்று கீழே விவரமாகச் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று. கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் பயம் இருக்கிறது, தெரிந்தவர்கள் சொன்னது இருக்கிறது, அண்ணன் கதை இருக்கிறது, மாப்பிள்ளை வீடு இருக்கிறது. உங்கள் பெண் என்ன நினைக்கிறாள் என்று ஒரு வரி கூட இல்லை. 26 வயதுப் பெண், அவள் உடம்பு, கன்சென்ட் படிவத்தில் கையெழுத்துப் போடப் போவதும் அவள்தான். அதனால் இந்தப் பதிலை அவளும் படிக்கட்டும். முடிந்தால் முதலில் அவளே படிக்கட்டும்.

இத்தனை வருஷம் மனப்பதற்றம் என்று சொல்லப்பட்டது உங்கள் பெண்ணுக்கு மட்டும் நடந்ததல்ல. எஸ்.வி.டி., அதாவது இதயத்தின் மேல்பகுதியில் கிளம்பும் திடீர் வேகத் துடிப்பு, உள்ளவர்களில், அதிலும் இளம்பெண்களில், பல பேர் இதே சுற்றைச் சுற்றித்தான் எங்களிடம் வந்து சேருகிறார்கள். படபடப்பு வரும்போது பயமும் சேர்ந்து வரும், அது இயல்பு. டாக்டரிடம் போய்ச் சேர்வதற்குள் படபடப்பு நின்றிருக்கும், ஈசிஜி எடுத்தால் சுத்தமாக இருக்கும், எக்கோவில் இதயம் அழகாகச் சுருங்கி விரியும். நோயே இல்லாதபோது எடுத்த டெஸ்டில் நோய் எப்படித் தெரியும்? உங்கள் கடிதத்தில் இருக்கும் விவரங்களே ஏறக்குறைய நோயின் பெயரைச் சொல்லிவிடுகின்றன. ஸ்விட்ச் போட்டதுபோல் திடீரென்று ஆரம்பித்துத் திடீரென்று நிற்பது, குனியும்போது தொடங்குவது, கழுத்துத் துடிப்பு, அப்புறம் அடிக்கடி சிறுநீர். பதற்றத்தில் வரும் படபடப்பு மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். கோலத்துக்குக் குனிந்த அந்த நொடியிலேயே 196-க்குத் தாவாது.

உள்ளே நடப்பது இதுதான். இதயத்தின் மேல் அறையில் பிறக்கும் மின்சாரம் கீழ் அறைக்குப் போக வழக்கமாக ஒரே வாசல்தான், அதற்கு ஏ.வி. நோட் என்று பெயர். சிலருக்கு அந்த வாசலை ஒட்டி இரண்டு தடங்கள் இருக்கும், ஒன்று வேகமானது, ஒன்று மெதுவானது. பிறவியிலேயே அப்படி, யாரும் எந்தத் தப்பும் செய்து வந்ததல்ல. எப்போதாவது ஒரு துடிப்பு கொஞ்சம் முந்தி வந்துவிட்டால், வேகத் தடம் இன்னும் தயாராகாமல் இருப்பதால் மெதுவான தடத்தில் இறங்கி, அதற்குள் தயாராகிவிட்ட வேகத் தடம் வழியாக மேலே ஏறி, மறுபடி இறங்கி, கத்திப்பாரா மேம்பாலத்தில் வெளியேறும் வழியைத் தவறவிட்டு ஒரே வளைவில் சுற்றிக்கொண்டிருக்கும் வண்டி மாதிரி சுற்ற ஆரம்பித்துவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் இதயம் ஒரு தடவை துடிக்கும். அப்படித்தான் நிமிஷத்துக்கு 196. இந்த வகையில் மேல் அறையும் கீழ் அறையும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் சுருங்குவதால், மேல் அறை மூடிய வால்வின் மேல் மோதி, ரத்தம் பின்னோக்கிக் கழுத்து நரம்புக்குத் தள்ளப்படுகிறது. நீங்கள் கண்ணால் பார்த்தது அதைத்தான். மேல் அறை இப்படி விரிவதால் சிறுநீரைக் கூட்டும் ஒரு ஹார்மோன் சுரக்கிறது, அதனால்தான் பிறகு நாலைந்து முறை பாத்ரூம். உங்கள் பெண்ணுக்கு இருப்பது இந்த வகையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பிறவியிலேயே தனியாக ஓர் உபரி மின்தடம் இருந்தாலும் இதே மாதிரி வரலாம். இதயத்தின் மின்தடங்களை ஒயர் வழியாகச் சோதித்து, எது என்று உறுதி செய்வதுதான் ஈ.பி. ஸ்டடி.

எமர்ஜென்சியில் போட்ட ஊசி அநேகமாக அடினோசின். கை நரம்பில் வேகமாக ஏற்றுவார்கள். சில நொடிகள் உயிரே போய்விடும் போல் ஓர் அழுத்தம் வரும், ஏ.வி. நோட் கண நேரம் மூடிக்கொள்ளும், சுற்று அறுந்துவிடும். அதில் நின்றது என்றால் அநேகமாக அந்த வாசலும் சுற்றில் ஒரு பகுதி என்று புரிகிறது. அன்று படபடப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த ஈசிஜி காகிதம் உங்களிடம் இருக்கிறதா? அதுதான் இப்போது உங்கள் வீட்டில் இருக்கும் மருத்துவக் காகிதங்களிலேயே விலை மதிப்பானது. ஈசிஜி வரும் அந்தப் பளபளப்பான தாளில் நம்மூர் வெயிலுக்கும் சூட்டுக்கும் கோடுகள் மங்கிப்போகும், மேலே செலோடேப் ஒட்டினாலும் அழியும். இன்றைக்கே போனில் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து, இரண்டு ஜெராக்ஸும் போட்டு வையுங்கள். காகிதம் கொடுக்கவில்லை என்றால் அந்த மருத்துவமனையில் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை.

சரி, அப்லேஷன். இதயத்தில் சூடு வைப்பது என்ற பேச்சைக் கேட்டால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும், புரிகிறது. 1968-ல் இந்த மாதிரி உபரித் தடத்தை முதன்முதலில் துண்டித்தபோது நெஞ்சைத் திறந்துதான் செய்தார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒயர் வழியாகப் பெரிய ஷாக் கொடுத்துப் பார்த்தார்கள், அது முரட்டு வைத்தியம், ஆபத்து அதிகம். எண்பதுகளின் கடைசியில் ரேடியோ அலை மின்சாரம் வந்த பிறகுதான் இது இன்றைய நிலைக்கு வந்தது. தெரிந்தவர்கள் மனதில் இருப்பது பழைய படமாக இருக்கலாம்.

இன்று நடப்பது இப்படி. ஆறு மணி நேரம் வெறும் வயிறு. இதைச் செய்யும் அறையான கேத் லேப் குளிராக இருக்கும், பெண்ணிடம் முன்பே சொல்லிவையுங்கள், போர்வை கேட்டு வாங்கிக்கொள்ளலாம். தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி, லேசான தூக்கத்துக்கு மருந்து, பெரும்பாலும் முழு மயக்கம் கிடையாது. அங்கிருக்கும் சிரை என்ற ரத்தக்குழாய் வழியாக மெல்லிய ஒயர்கள் மூன்று நான்கு இதயத்துக்குள் போகும். அடுத்து நடப்பதைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும்: அந்தப் படபடப்பை நாங்களே வரவழைப்போம். ஒயர் வழியாகச் சின்னச் சின்ன மின்தூண்டல் கொடுத்து, தேவைப்பட்டால் ஐசோபிரனலின் என்ற மருந்தையும் ஏற்றி, சுற்றை ஓட வைத்து, எந்தத் தடத்தில் ஓடுகிறது என்று திரையில் பார்ப்போம். பயப்படத் தேவையில்லை, அங்கேயே நிறுத்தவும் முடியும். பல பெண்கள் அந்த மேஜையில் படுத்தபடியே, "டாக்டர், இதேதான், இதேதான் எனக்கு வரும்" என்பார்கள். வருஷக்கணக்காக யாரும் நம்பாத ஒன்று அங்கே திரையில் எல்லோர் கண்ணிலும் படுகிறது, சிலர் அழுதுவிடுவார்கள்.

இடம் தெரிந்ததும் மெதுவான தடம் ஓடும் அந்தச் சின்ன இடத்தில் ஒயரின் நுனியைச் சூடாக்குவோம். 50 முதல் 60 டிகிரி வரைதான், தண்ணீர் கொதிக்கும் சூட்டில் ஏறக்குறைய பாதி. சில மில்லிமீட்டர் அளவில் ஒரு தழும்பு உண்டாகும், அதற்கு மேல் அந்த வழியில் மின்சாரம் போகாது. அப்புறம் அரை மணி நேரம் போலக் காத்திருந்து, மறுபடி வரவழைக்க முயன்று பார்ப்போம். வரவில்லை என்றால் வேலை முடிந்தது. ஸ்டென்ட் மாதிரி எதுவும் உள்ளே வைப்பதில்லை, ஒயர்கள் எல்லாம் வெளியே வந்துவிடும். நாலு முதல் ஆறு மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும், அதுதான் பலருக்கு எரிச்சலான பகுதி. பெரும்பாலும் மறுநாள் வீடு.

பேஸ்மேக்கர் பயத்துக்கு வருகிறேன், அது முழுக்கப் பொய் என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன். மெதுவான தடத்துக்கு மிக அருகில்தான் அந்த முக்கிய வாசல் இருக்கிறது. சூடு வாசலில் பட்டுவிட்டால் மேலிருந்து கீழே மின்சாரம் போகாது, அப்போது பேஸ்மேக்கர் தேவைப்படும். அனுபவமுள்ள கைகளில் இது நூறு பேரில் ஒருவருக்கும் குறைவு. அதற்காகத்தான் சூடாக்கும் ஒவ்வொரு நொடியும் ஒருவர் கண்ணை எடுக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார், கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் உடனே நிறுத்திவிடுவோம். வாசலுக்கு ரொம்ப நெருக்கம் என்றால் சூட்டுக்குப் பதில் உறைய வைக்கும் முறையும் உண்டு, அதில் முதலில் லேசாகக் குளிர்வித்துப் பார்த்து, வாசல் பாதிக்கப்படுவது தெரிந்தால் விட்டுவிடலாம். இது தவிர, இடுக்கில் ரத்தம் கட்டி நீலம் பாரிப்பது சிலருக்கு வரும், தானாகச் சரியாகும். இதயச் சுவரில் துளை விழுந்து ரத்தம் கசிவது மிக மிக அரிது, ஆனால் உண்டு, அதைச் சமாளிக்க வசதியுள்ள இடத்தில்தான் செய்துகொள்ள வேண்டும். பலன் என்று பார்த்தால், இந்த வகை எஸ்.வி.டி.யில் நூறில் 95 பேருக்கு மேல் ஒரே முறையில் குணம். சிலருக்குத் திரும்ப வரலாம், வந்தால் பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே தெரிந்துவிடும், மறுபடி செய்துகொள்ளலாம்.

உங்கள் அண்ணனுக்கு இருந்தது அநேகமாக ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். பெயர் அப்லேஷன்தான், ஆனால் நோய் வேறு. நுரையீரலிலிருந்து இடது மேல் அறைக்கு வரும் சிரைகளின் வாயில் தாறுமாறான மின்பொறிகள் கிளம்பி அந்த அறையையே நடுங்க வைக்கும் நோய் அது. 1998-ல் பிரான்சில் போர்தோ நகர மருத்துவர்கள்தான் அந்தச் சிரை வாய்களைக் கண்டு சொன்னார்கள். அங்கே வேலி கட்டுவது போலச் சுற்றிலும் செய்ய வேண்டும், இரண்டாவது முறை தேவைப்படுவது சகஜம். பக்கவாத ஆபத்தைப் பொறுத்து ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை பிறகும் தொடரும். அவர் மாத்திரை சாப்பிடுவதைச் சிகிச்சை தோற்றதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அதை வைத்து உங்கள் பெண்ணுக்குக் கணக்குப் போடவும் செய்யாதீர்கள்.

மாத்திரையிலேயே ஓட்டக் கூடாதா என்றால், ஓட்டலாம். வருஷத்துக்கு ஒரு தடவை, ஐந்து நிமிஷம் வந்து போகிறவர்களுக்கு நானே அப்படித்தான் சொல்வேன், சிலருக்கு மாத்திரையே வேண்டாம் என்றும் சொல்வேன். உங்கள் பெண்ணின் நிலை அப்படி இல்லை. ஒரு மணி நேரம் நீடித்து எமர்ஜென்சி வரை போயிருக்கிறாள், மெட்டோபிரலால் அவளைச் சோர்வாக்குகிறது. மாத்திரை படபடப்பு வருவதைக் குறைக்கும், தடத்தை அழிக்காது. அடிக்கடி வந்து தொல்லை கொடுக்கும் இந்த வகை எஸ்.வி.டி.க்கு அப்லேஷனைத்தான் 2019-ல் வந்த ஐரோப்பிய இதயவியல் வழிகாட்டுதல் முன்னால் வைக்கிறது. கர்ப்பம் தரிக்க நினைக்கும் பெண்கள் அதற்கு முன்பே செய்துகொள்ள வேண்டும் என்றும் அதே வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது.

நான் முதலில் சொன்னதற்குக் காரணமும் இதுதான். கர்ப்பத்தில் உடம்பில் ரத்தத்தின் அளவு கூடும், துடிப்பு கூடும், ஏற்கெனவே எஸ்.வி.டி. உள்ளவர்களுக்கு அடிக்கடி வர வாய்ப்பு அதிகம். அப்போது மாத்திரை என்றால் குழந்தையை நினைத்துத் தயங்க வேண்டும், அப்லேஷன் என்றால் எக்ஸ்ரே கதிரை நினைத்துத் தயங்க வேண்டும். எக்ஸ்ரே இல்லாமலே செய்யும் முறைகள் இப்போது இருக்கின்றன, கட்டாயமென்றால் கர்ப்பத்திலும் செய்யலாம். ஆனால் இன்று நிதானமாகச் செய்துகொள்ளக்கூடியதை அப்போது அவசரத்தில் ஏன் செய்ய வேண்டும்? அப்லேஷன் குழந்தைப்பேற்றைப் பாதிக்காது. இதற்காக சிசேரியன் செய்ய வேண்டிய அவசியமும் இல்லை.

மாப்பிள்ளை வீடு. மருத்துவராக நான் சொல்லக்கூடியது, மறைப்பதற்கு இதில் ஒன்றுமே இல்லை என்பதுதான். வெளியே தழும்பு தெரியாது, ஆயுள் குறையாது, மூன்று தலைமுறைக்குத் தொடரும் வியாதியும் இல்லை. ஆனாலும் மறைக்கச் சொல்லி அவளைக் கட்டாயப்படுத்தினால், புது வீட்டில் ராத்திரி இரண்டு மணிக்குப் படபடப்பு வரும்போது பக்கத்தில் இருப்பவரிடம் கூடச் சொல்ல முடியாமல், எழுந்து போய் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்படி உட்கார்ந்திருந்த பெண்களை எனக்குத் தெரியும். அதை உங்கள் பெண்ணுக்குச் செய்யாதீர்கள். அந்தப் பையனிடம் அவளே பேசட்டும், வேண்டுமானால் இருவரும் சேர்ந்து டாக்டரைப் பார்க்கட்டும்.

அதற்குள் மறுபடி வந்தால் என்ன செய்வது என்பதை இன்றே பழகிக்கொள்ளுங்கள். பாதி சாய்ந்து உட்கார வைத்து, மருந்துக்கடையில் கிடைக்கும் 10 மில்லி சிரிஞ்சை ஊசி இல்லாமல் வாயில் வைத்து, உள்ளே இருக்கும் தண்டு லேசாக நகரும் அளவுக்கு 15 நொடி முக்கி ஊதச் சொல்லுங்கள். முடித்த உடனே தட்டையாகப் படுக்க வைத்து, இரண்டு காலையும் ஒருவர் 45 டிகிரிக்குத் தூக்கி 15 நொடி பிடிக்க வேண்டும். 2015-ல் இங்கிலாந்தில் நானூறுக்கும் மேற்பட்டவர்களிடம் செய்து பார்த்ததில், காலைத் தூக்கும் இந்த முறையில் 43 சதவீதம் பேருக்கு நின்றது, வெறுமனே முக்கியதில் 17 சதவீதம்தான். ஒரு தடவையில் நிற்காவிட்டால் இன்னொரு தடவை. கண் இருட்டுவது, மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தால் இதையெல்லாம் செய்துகொண்டிருக்காமல் 108-க்குப் போன் போடுங்கள். படபடப்போடு அவள் ஸ்கூட்டி ஓட்டக் கூடாது, ஓ.எம்.ஆரில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு யாரையாவது கூப்பிடட்டும். இருமல் சிரப், ஜலதோஷ மாத்திரைகளில் சிலது இதைத் தூண்டும், கடையில் கேட்டு வாங்காமல் டாக்டரிடம் சொல்லி வாங்குங்கள்.

டாக்டரைப் பொறுத்தவரை, ஆஞ்சியோ செய்கிற எல்லோரும் இதைச் செய்வதில்லை. இதயத் துடிப்புக்கென்றே தனிப் பயிற்சி எடுத்தவர்களை, எலக்ட்ரோபிசியாலஜிஸ்ட் என்பார்கள், அவர்களைப் பாருங்கள். இந்த வகையை வழக்கமாகச் செய்கிறீர்களா, பேஸ்மேக்கர் தேவைப்பட்டவர்கள் உங்களிடம் எத்தனை பேர் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். 3டி மேப்பிங், அதாவது இதயத்தின் உட்புறத்தைக் கம்ப்யூட்டரில் முப்பரிமாணப் படமாக வரைந்து பார்ப்பது, வேண்டுமா என்பதையும் கேளுங்கள். சாதாரண எஸ்.வி.டி.க்கு அது இல்லாமலே பெரும்பாலும் முடியும், அது சேர்ந்தால் செலவு கூடும், ஆனால் எக்ஸ்ரே கதிர் குறையும். கல்யாணமாகாத பெண்ணுக்கு அது யோசிக்க வேண்டிய விஷயம்தான். அவள் கம்பெனியில் குரூப் இன்சூரன்ஸ் இருக்கும், முன் அனுமதி வாங்க இரண்டு மூன்று நாள் முன்னதாகவே காகிதங்களைக் கொடுங்கள். வசதி இல்லாமல் இதைப் படிப்பவர்கள் சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையின் இதயப் பிரிவில் விசாரியுங்கள், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.

மெட்டோபிரலாலை நீங்களாக நிறுத்த வேண்டாம். அப்லேஷனுக்குச் சில நாள் முன்பு நிறுத்தச் சொல்வார்கள், இல்லையென்றால் அங்கே படபடப்பை வரவழைக்க முடியாமல் போகும். எந்தத் தேதியிலிருந்து என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு ஒரு வாரம் தண்ணீர் கேன் தூக்க விடாதீர்கள், ஸ்கூட்டியும் வேண்டாம். சில வாரங்களுக்கு ஒரு துடிப்பு தப்பினாற்போல், படபடப்பு ஆரம்பிக்கப் போகிறது என்பது போல் ஒரு குதி வந்து அப்படியே அடங்கிவிடும், அது சகஜம். இடுக்கில் வீக்கம் பெரிதாகிக்கொண்டே போனாலோ, காய்ச்சல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்தாலோ உடனே போங்கள். தை மாத முகூர்த்தம் என்றால், அதற்கு ஒரு மாதத்துக்கு முன்பாவது முடித்துவிட்டால் இந்தச் சில வாரங்களும் கழிந்திருக்கும், பட்டுப்புடவை எடுக்க தி.நகரில் அலையவும் தெம்பு இருக்கும். நாளைக்கே அந்த ஈசிஜி நகலோடு அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். டாக்டரின் அறைக்குள் முதலில் உங்கள் பெண் பேசட்டும், நீங்கள் கூட இருங்கள்.